லாங் ஐலண்டில் எனக்கு எழுபது வயதான நாள்

நான் ஒரு சினிமாவில் நடித்திருக்கிறேன். இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. நம்புகிறவர்கள் உடனே படத்தின் பெயரைக் கேட்பார்கள். பெயரைச் சொன்னதும் அவர்களும் நம்பாமல் போய்விடுவார்கள். அப்படி ஒரு படம் வந்ததாக யாருக்கும் தெரியாது. காலத்தைத் தாண்டிக் கூட்டிப்போகிற இயந்திரம், அதில் மாட்டிக்கொள்கிற மூன்று பேர், சதுப்புக் காட்டுக்குள் படகுத் துரத்தல் என்று எல்லாம் இருந்தும், தியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்காத படம் அது.

எனக்குப் போர்ட் பிளேயரில், ஜங்லிகாட்டில் தையல் கடை. கல்யாணமாகி ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்தவர். ஹேடோவில் கப்பல் துறையில் கிரேன் ஓட்டுகிறார். மெயின்லேண்டிலிருந்து வருகிற சிமெண்டும் வெங்காயமும் பிரிட்ஜும் அவர் இறக்கி வைத்தால்தான் இந்தத் தரையைத் தொடும் என்று நான் பெருமையடித்துக்கொள்வேன். அவர் எதற்கும் பெருமையடிக்க மாட்டார். பேச்சே குறைவு. பேசினாலும் பாதி ஹிந்தி. கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம், "கானா ஹோ கயா?" என்று கேட்டார். சாப்பாடு ஆச்சா என்று கேட்டிருக்கிறார். ஏதோ காணாமல் போய்விட்டது போல என்று நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினேன். என்ன தேடுகிறேன் என்று கேட்காமல் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினார். அப்படிப்பட்ட மனிதர்.

எங்கள் மகள் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த இயக்குநர் என் கடைப் படி ஏறினார். ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, பரீட்சையில் ஒரு பாடம் போய்விட்ட காலேஜ் பையன் மாதிரி இருந்தார். கையில் ஸ்கூட்டரை மூடி வைக்கிற வெள்ளி நிறக் கவர் ஒன்று.

"அக்கா, இதுல சட்டை தைக்க முடியுமா?"

"இது ஸ்கூட்டருக்குப் போடறது தம்பி."

"தெரியும்க்கா. எதிர்காலத்துல இருக்கறவங்க இதத்தான் போடுவாங்க."

"பாவம்," என்றேன். "வேர்த்தே செத்துருவாங்களே."

அவர் சிரிக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். படத்துக்கான உடைகள் எல்லாம் சென்னையிலேயே தைத்துப் பெட்டி கட்டிக் கப்பலில் ஏற்றியாகிவிட்டது. ஆட்கள் விமானத்தில் வந்துவிட்டார்கள். பெட்டி ஏற்றிய கப்பல் இன்னும் வரவில்லை, எப்போது வரும் என்றும் தெரியவில்லை. அடுத்த வாரம், இங்கிருந்து படகில் போகிற லாங் ஐலண்ட் தீவில் படப்பிடிப்பு. பஜாரில் கிடைத்த துணியில் பளபளப்பாக இருந்தது இது ஒன்றுதான்.

நாங்கள் கப்பலுக்குக் காத்திருந்தே பழகியவர்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "கதையச் சொல்லுங்க. யாரு போடப்போறாங்கன்னு தெரிஞ்சாத்தான் தைக்க வரும்," என்றேன்.

கதை இதுதான். ஒரு தீவில் ஒரு படகோட்டி. புதிதாகக் கல்யாணமானவன். மெயின்லேண்டிலிருந்து ஆராய்ச்சி செய்ய வந்த ரெண்டு பேரைச் சதுப்புக் காட்டுக்குள் கூட்டிப்போகிறான். உள்ளே, பழைய யுத்த காலத்துப் பதுங்கு அறை ஒன்றில் இயந்திரம் ஒன்று கிடக்கிறது. தெரியாமல் அதைத் தொட்டு மூன்று பேரும் எதிர்காலத்துக்குப் போய் விழுகிறார்கள். வெள்ளிச் சட்டை போட்ட ஆட்கள் துரத்துகிறார்கள். தப்பித்து மறுபடியும் இயந்திரத்தில் ஏறித் தன் காலத்துக்கே திரும்புகிறான் படகோட்டி. ஆனால் கணக்குத் தப்பிவிடுகிறது. ஜெட்டியில் வந்து இறங்கினால், விட்டுப்போன பெண்டாட்டி கிழவியாக நிற்கிறாள். இவன் அதே வாலிபனாக இருக்கிறான்.

"அப்புறம்?" என்றேன்.

"அவ்ளோதான்க்கா. அதோட படம் முடியுது."

"அய்யோ, அப்புறம் அந்தப் பொம்பள என்ன செஞ்சா?"

"அத இன்னும் யோசிக்கல," என்று சொல்லிவிட்டுத் துணியைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டே ஒரு வாரம் வெட்டினேன், தைத்தேன்.

அந்தத் துணியில் ஊசி இறங்கினால் ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். ஒரு தடவை தைத்துப் பிரித்தால் அந்த இடமே கிழிந்துவிடும். உள்ளே பருத்தித் துணியில் லைனிங் கொடுத்து ஒருவழியாகச் சமாளித்தேன். படகோட்டியின் மனைவியாக நடிக்கிற பெண் ஒருநாள் அளவு கொடுக்க வந்தாள். மலர்ந்த முகம். தோள், இடுப்பு, உயரம் எல்லாம் அச்சு அசல் என் அளவு. அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடாமல் அவளுடைய ரவிக்கைகளை நானே போட்டுப் பார்த்துச் சரிசெய்தேன்.

உடைகளை வாங்கிக்கொள்ள வந்தபோது இயக்குநர் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். அங்கே போய்க் கிழிந்தால் தைக்க ஆள் வேண்டும். நானும் லாங் ஐலண்டுக்கு வர முடியுமா?

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கடையைப் பூட்டி வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்த என் வீட்டுக்காரர் வாசலில் நின்றபடி, "சலோ, போலாம். எனக்கு லீவு இருக்கு," என்றார். நான் திரும்பி அவரையே பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து எங்கேயாவது போனோம் என்றால் ஊரில் யாருக்காவது கல்யாணம், இல்லை என்றால் துக்கம். மகளை ஹேடோ குவார்ட்டர்ஸில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, ஒரு கூடையில் கத்தரியும் நூல்கண்டும், தலையில் சுமக்கிற மாதிரி ஒரு கைமெஷினுமாகக் கிளம்பினோம்.

லாங் ஐலண்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜெட்டி, அதைச் சுற்றி வீடுகள், ஒரு சின்ன பஜார், நடைபாதை. மீதியெல்லாம் காடும் கடலும்தான். ஹாரன் சத்தம் கேட்காதது முதல் நாள் எனக்குக் காதடைத்த மாதிரி இருந்தது. ஒரு வங்காளி வீட்டில் எங்களுக்கு அறை கொடுத்தார்கள். காலையில் டுங்கி என்று இங்கே சொல்கிற மோட்டார் படகில் ஏறிச் சதுப்புக் காட்டு ஓடைக்குள் போனால், பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். இந்தப் பக்கம்தான் சீக்கிரமே இருட்டிவிடுமே.

இயந்திரத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உடைந்த வாஷிங் மெஷினின் உருளை. அதன் மேல் பழைய கப்பலிலிருந்து கழற்றிய வட்டக் கண்ணாடி ஜன்னல். சுற்றிலும் பூஜைக்குப் போடுகிற சீரியல் பல்புகள். ஜெனரேட்டரைப் போட்டதும் எல்லாம் மினுக்கி மினுக்கி எரிந்தது. ஆனால் அந்த ஓடை இருட்டில், வேர்களுக்கு நடுவே, புகை போட்டுப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. என் கை ரோமம் குத்திட்டு நின்றது. அருகில் நின்ற வங்காளிப் படகுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டேவிட்டார்.

வெள்ளிச் சட்டைக்காரர்கள் நாலு எட்டு ஓடினால் அக்குளில் பிரிந்துகொண்டது. நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஓயாமல் தைத்தேன். மணல் பூச்சி கடித்துக் கடித்து எல்லோர் காலும் வீங்கிப்போனது. என் வீட்டுக்காரரைச் சும்மா இருக்க விடாமல் கையில் ஒரு பெரிய வெள்ளைத் தெர்மாகோல் பலகையைக் கொடுத்து, வெயிலை நடிகர்கள் முகத்தில் திருப்பிவிடச் சொன்னார்கள். கிரேன் ஓட்டுகிறவர் அல்லவா, பாரத்தைத் தூக்கி அசையாமல் நிறுத்துவதுதான் அவர் தொழில். கை நடுங்காமல் பிடித்தார். "அண்ணே இல்லன்னா எனக்கு லைட்டே இல்ல," என்று கேமராக்காரர் சொன்னபோது, வேறு பக்கம் திரும்பிக்கொண்டு வாயிலிருந்த ஜர்தாப் புகையிலையைத் துப்பினார். சந்தோஷம் வந்தால் அவர் வேறு பக்கம்தான் திரும்பிக்கொள்வார். அந்த ஜர்தாப் பழக்கம் ஒன்றுதான் எங்களுக்குள் தீராத சண்டையாக இருந்தது. போர்ட் பிளேயரில் நான் ஒளித்து வைத்ததையெல்லாம் கண்டுபிடித்துவிடுவார்.

கடைசிக் காட்சிக்கு, அதாவது கிழவியான மனைவியாக நடிக்க, சென்னையிலிருந்து வயதான நடிகை ஒருவர் வருவதாக இருந்தது. அந்த அம்மா போர்ட் பிளேயர் வரைக்கும் வந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்துக் காற்று எடுத்தது. தீவுகளுக்குப் போகிற படகுகளை நிறுத்திவிட்டார்கள். மறுநாளும் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கொடி இறங்கவில்லை. அந்த அம்மாவுக்கு வேறு படப்பிடிப்பு இருந்தது. ஹோட்டல் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி விமானம் ஏறிவிட்டார்.

செய்தி வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. இயக்குநர் ஜெட்டிக் கொட்டகையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் காட்சி இல்லாவிட்டால் படமே இல்லை. கையிருப்பில் இருந்த நாட்களும் தீர்ந்துகொண்டிருந்தன. நாயகிக்கே வேஷம் போடலாம் என்றால், அவள் முகத்தில் என்ன தடவினாலும் பள்ளிக்கூட நாடகத்து ஔவையார் மாதிரி இருந்தது.

அவள்தான் என்னைக் கைகாட்டினாள். "சார், அக்காவுக்கு என் அளவுதான். பின்னாலேர்ந்து பாத்தா நான்தான்னு நினைப்பாங்க. கன்னமும் என்ன மாதிரியே இருக்கு. அக்காவுக்குப் போட்டுப் பாருங்களேன்."

"அய்யய்யோ, எனக்கெல்லாம் வராது," என்றேன்.

"ஒரே ஒரு வசனம்தான்க்கா," என்றார் இயக்குநர். அவர் கண்ணாடிக்குள் தண்ணீர் நின்றது, மழையா வேறா தெரியவில்லை.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர், "உன் இஷ்டம்," என்றார்.

மேக்கப் போடுகிற பெண் என்னை ஒரு அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். கன்னத்தில் ஏதோ பசையைத் தடவி, இழுத்துப் பிடித்து, விசிறினாள். காய்ந்ததும் தோல் சுருங்கியது. கைகளுக்கும் அப்படியே. முடியை இருபக்கமும் வெள்ளையாக்கினாள். வெளுத்துப்போன காட்டன் புடவை ஒன்றைச் சுற்றினேன். கண்ணாடியைக் காட்டியபோது எனக்குத் துணுக்கென்றது. என் அம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை. நான்தான். ஆனால் எங்கேயோ வெகுதூரம் போய்விட்டு வந்த நான்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரர் எதிரே பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அத்தனை நாளும் அசையாமல் பிடித்த பலகையை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஜெட்டியின் கோடிக்கு நடந்து போய்விட்டார்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். சினிமாவில் நடிக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று யோசித்திருப்பார். மழை முழுசாக விடட்டும் என்று கேமராக்காரர் சொன்னதால், கிடைத்த நேரத்தில் அவரைத் தேடிக்கொண்டு போனேன். மரப்பலகை ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னங்க, கோவமா?"

"எதுக்கு?"

"நான் நடிக்கறேன்னு."

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எங்க வீட்ல யாரும் கிழவியா ஆனதில்ல," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அம்மா போறப்ப அதுக்கு நாப்பது கூட இல்ல. அப்பா ரிட்டயர் ஆகறதுக்குள்ள போயிட்டாரு. பெரியப்பாவும் அப்படித்தான். நரைச்ச தலைய நான் எங்க வீட்டுக்குள்ள பாத்ததே இல்ல. வயசாவறதெல்லாம் மத்தவங்க வீட்ல நடக்கறதுன்னு நெனச்சிட்டு இருந்தேன் போல. நீ அந்தக் கதவத் தொறந்துட்டு வந்தியா, சச், நெசமாவே ஒரு நிமிஷம் நம்பிட்டேன்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. நடுவில் குறுக்கிட்டால் நின்றுவிடுமோ என்று மூச்சுகூட விடாமல் இருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கே," என்றார். "கெழவியா."

"அய்யே."

"நெசமா. அச்சா லக்தா ஹை. பாத்ததும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் ஒரு நெனப்பு. இவ இப்படி ஆவறப்ப நான் எங்க இருப்பேன்னு."

அழுதால் மேக்கப் போய்விடும் என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "எங்க இருப்பீங்க? ஜர்தா வாங்கக் கடைக்குப் போயிருப்பீங்க."

அவர் சிரித்துவிட்டார். எழுந்து, கையை நீட்டினார். நாலு பேர் பார்க்க என் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை அவர். அன்றைக்கு முழங்கையைத் தாங்கிப் பிடித்து, "பாத்து, வழுக்கும்," என்று சொல்லி, ஈரப் பலகை மேல் ஒவ்வொரு அடியாக நடத்திக் கூட்டிவந்தார். எனக்கு அப்போது முப்பத்துச் சொச்சம் வயதுதான், ஓடியே வந்திருப்பேன். இருந்தாலும் எழுபது வயதுக்காரி மாதிரியே மெதுவாக நடந்தேன். அந்த நடை சீக்கிரம் முடியவேண்டாம் என்று இருந்தது.

காட்சி சுலபமாக அமையவில்லை. டுங்கியிலிருந்து அந்த நாயகன் இறங்கி வர வேண்டும். நான் அவனைப் பார்த்து, "ஏன் இவ்ளோ நேரம்?" என்று கேட்க வேண்டும். அவன் பதில் சொல்லாமல் நிற்க வேண்டும். பையனுக்கு என் தம்பி வயது. எதிர்காலத்தில் மாட்டிக்கொண்டு வந்த வெள்ளிச் சட்டையோடு வேர்த்து ஒழுகிக்கொண்டு வந்து நின்றான். அக்குளில் நான் போட்ட தையல் மறுபடி பிரிந்து தொங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி சிரித்தேன். அடுத்த முறை வசனத்தை மறந்தேன். இயக்குநர் ஒன்றும் திட்டவில்லை. "பரவால்லக்கா," என்று சொல்லிச் சொல்லி அவர் குரல்தான் கம்மிப்போனது.

கடைசியில் நான் அந்தப் பையனின் முகத்தைப் பார்க்காமல், அவனுக்குப் பின்னால் கடலைப் பார்த்தேன். ஜெட்டிக் கோடியில் உட்கார்ந்து ஒரு மனிதர் என்னிடம் கேட்டது ஞாபகம் வந்தது. இவ இப்படி ஆவறப்ப நான் எங்க இருப்பேன். "ஏன் இவ்ளோ நேரம்?" என்று கேட்டது என் குரல் மாதிரியே இல்லை. இயக்குநர் கட் சொல்ல மறந்துவிட்டார். வங்காளிப் படகுக்காரர்தான், "ஹோ கயா?" என்று கேட்டார்.

போர்ட் பிளேயர் திரும்பியதும் வாழ்க்கை பழையபடி ஆனது. ஒன்று மட்டும் மாறியிருந்தது. ஒரு வாரம் கழித்துத் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கைவிட்டேன். வழக்கமாக ஜர்தாப் பொட்டலம் இருக்கும் இடத்தில் ஏலக்காய் இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் வீம்புக்கு மறுபடி ஆரம்பித்துவிடுவாரோ என்று பயம். அடுத்த மாதம் அவராகவே ஆஸ்பத்திரிக்குப் போய் உடம்பைச் சோதனை செய்துகொண்டு வந்தார். பிரஷர் இருக்கிறது என்றார்கள். மாத்திரையை மேஜைமேல் வைத்துவிட்டு, "உப்பு கம்மி பண்ணு," என்றார். அவ்வளவுதான் பேச்சு. நடுவில் ஒரு தடவை பழக்கம் திரும்பி வந்தது. துர்கா பூஜை சமயத்தில், நண்பர்களோடு. ரெண்டு மாதம் படாதபாடு பட்டு மறுபடி விட்டார். எரிச்சலில் என்னோடு போட்ட சண்டைகளைத் தனியாக எழுதலாம்.

படம் வரவில்லை. முதல் வருஷம் மகள் தினமும் கேட்பாள். பிறகு வாரத்துக்கு ஒரு முறை. பிறகு மறந்துவிட்டாள். இயக்குநரின் நம்பர் மாறிப்போயிருந்தது. சட்டை தைத்து மிச்சமான வெள்ளித் துணியைக் கடை வாசலில் மழைக்குத் தடுப்பாகக் கட்டியிருந்தேன். அதுவும் இற்றுப்போனது. மகள் வளர்ந்து சென்னையில் காலேஜ் சேர்ந்தாள். எங்கள் தீவுக்குக் கடலுக்கடியில் கேபிள் வந்து, போனில் படம் சுற்றாமல் ஓட ஆரம்பித்த பிறகு, ஒருநாள் அவள் வீடியோ காலில் கத்தினாள்.

"அம்மா! உன் படம் நெட்ல வந்திருக்கு! நாம தேடாமலே வந்துச்சு!"

அவளே லிங்க் அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டிவியில் போட்டோம். கட்டிலில் இருவரும் கால் நீட்டி உட்கார்ந்தோம்.

சொல்லப்போனால் அது குறைகள் நிறைய உள்ள படம். இயந்திரம் வாஷிங் மெஷின் மாதிரியே தெரிந்தது. துரத்தல் காட்சியில் ஒரே படகு ரெண்டு பக்கமும் போனது. எதிர்காலத்து ஜங்லிகாட் என்று ஒரு தெருவைக் காட்டினார்கள். வெள்ளிச் சட்டைக்காரர்கள் விறைப்பாக நடந்துபோக, பின்னால் ஓரமாக நின்ற ஸ்கூட்டரும் அதே துணியைப் போர்த்திக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். ஆனால் அந்த ஓடையும், புகைக்குள் மினுக்குகிற பல்புகளும், படகோட்டியும் அவன் பெண்டாட்டியும் ஒரே தட்டில் மீன் சாப்பிடுகிற இடமும் அவ்வளவு அழகாக இருந்தன. அந்தக் கண்ணாடிக்காரத் தம்பி மனசை வைத்து எடுத்திருக்கிறார் என்பது ஒவ்வொரு இடத்திலும் தெரிந்தது.

என் காட்சி வந்தது. குரல் என்னுடையது இல்லை. யாரோ பேசியிருந்தார்கள். முகம் என்னுடையதுதான். அவர் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேக்கப் போட்ட பொண்ணு தப்பு பண்ணிட்டா," என்றார். "வெள்ளைய ரெண்டு பக்கம் போட்டுருக்கா. உனக்கு முன்னாடிதான் வருது."

அன்றைக்கு என்ன தோன்றியதோ, குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் இந்தப் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டார். பூஜைக் கமிட்டியில் புரொஜெக்டரும் மைக்கும் கேட்டு வாங்கினார். நாத்தனார் வீட்டுச் சுவரில் என் வெள்ளைப் போர்வையைக் கட்டினார். இருட்டியதும் வங்காளி, தெலுங்கு, மலையாளி என்று பாயோடும் நாற்காலியோடும் வந்து கூடிவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. படம் தமிழ். கீழே எழுத்தும் கிடையாது. பாதிப் பேருக்கு ஒன்றும் விளங்காது.

என் வீட்டுக்காரர் மைக்கை எடுத்தார். நாள் முழுக்க நாலு வாக்கியம் பேசுகிற மனிதர், படம் ஆரம்பித்ததும் ஹிந்தியில் சொல்ல ஆரம்பித்தார். முதலில் தட்டுத் தடுமாறி. பிறகு குரல் மாற்றி மாற்றி. வில்லனுக்குக் கட்டைக் குரல், ஆராய்ச்சிக்காரருக்கு மூக்கால் பேச்சு. துரத்தல் வந்தபோது கிரிக்கெட் வர்ணனை மாதிரியே வேகம் பிடித்தார். ஜனங்கள் படத்தைப் பாதி, அவரைப் பாதி பார்த்தார்கள். நான் அவரை மட்டும்தான் பார்த்தேன். இந்த ஆள் இத்தனை வருஷம் எங்கே இருந்தார் என்று இருந்தது.

கடைசிக் காட்சி. ஜெட்டியில் கிழவியாக நான். வாலிபன் இறங்கி வருகிறான். திரையில் நான் வாயைத் திறந்து கேட்டேன். மைக்கில் சத்தம் இல்லை.

"பாயி சாப், க்யா போலீ?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். என்ன சொன்னாள் என்று கேட்கிறாள்.

அவர் தொண்டையைச் செருமினார். "பூச் ரஹீ ஹை... இத்னீ தேர் க்யோன் லகா தீ?" என்றார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிறாள்.

யாரும் சிரிக்கவில்லை. கப்பல் துறையில் வேலை பார்க்கிறவர்களின் பெண்டாட்டிகள் எல்லோரும் ஒரு நாளைக்காவது கேட்டிருக்கிற கேள்வி. திரையில் அந்தப் பையன் பதில் சொல்லாமல் நின்றான். கதைப்படி அவன் பதில் சொல்லக் கூடாது. ஆனால் என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோய், மிகவும் பணிவாக,

"ஜஹாஸ் லேட் தா," என்றார். கப்பல் லேட்.

குவார்ட்டர்ஸே அதிர்ந்தது. ஒரு மலையாளி அம்மா சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். விளக்குப் போட்டதும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.

மகள் எப்படியோ இயக்குநரின் புது நம்பரைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அடுத்த நாள் கூப்பிட்டேன். இப்போது கல்யாண வீடியோ எடுக்கிறாராம். என் குரலைக் கேட்டதும், "அக்கா!" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். போர்வைத் திரை, மைக், கப்பல் லேட் எல்லாம். எங்கெங்கே சிரித்தார்கள் என்று கேட்டார், சொன்னேன். ஓடைக் காட்சியில் சத்தம் போடாமல் இருந்தார்களா என்று கேட்டார், இருந்தார்கள் என்றேன். அந்தப் படத்தை ஒரு கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்க அவருக்கு இதுவரை வாய்க்கவே இல்லையாம்.

"நடுவுல யாராச்சும் எழுந்து போனாங்களாக்கா?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "ஒரு அம்மா போனாங்க தம்பி. அடுப்புல பால் இருக்குன்னு."

அவர் மெதுவாக, "திரும்பி வந்தாங்களா?" என்றார்.

"வந்தாங்க," என்றேன். "டம்ளரோட வந்து உக்காந்தாங்க."